சும்மா ஓட்டிய அறுபது கிலோமீட்டர்

பெட்டிக்குள் எட்டு டிகிரி வரை பொறுக்கும்.
அதைத் தாண்டினால்
அறுநூறு ஆட்டுக்கான மருந்து
வெறும் தண்ணீர்.

வண்டியில் இரண்டு பேட்டரி, இரண்டும் கிழடு.
முன்னது எஞ்சினை எழுப்ப.
பின்னது, என் இருக்கைக்கு அடியில்,
ஃபிரிட்ஜுக்கு மட்டும்.
ஆல்டர்னேட்டர் மூத்ததற்குத்தான் முதலில் ஊட்டும்.
அது ஏப்பம் விட்ட பிறகு
ரிலே ‘டிக்’ என்று கதவு திறக்கும்
இளையதற்கு.
எஞ்சின் நின்றால் மறுபடி ‘டிக்’.
அவரவர் சோறு அவரவர் தட்டில்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடு.
கம்பிதான் மோசம்.
மண்டல்கோவியில் பட்சூரி போட்டது,
ரேடியோவுக்கு இழுக்கிற நூல் மாதிரி ஒன்று.
முன்னால் பதினான்கு புள்ளி இரண்டு வோல்ட் புறப்படும்.
என்னிடம் வந்து சேர்வது
பன்னிரண்டு புள்ளி ஒன்பது.
வழியில் மிச்சத்தைத் தின்றுவிட்டு
சூடாகப் படுத்திருக்கும் கம்பி.
தடித்ததாகப் போடு என்றேன் வசந்தத்தில்.
“செம்பு என்ன விலை தெரியுமா, டாக்டர்?”
தெரியாது.
ஆட்டுக்கொல்லி புகுந்த வீட்டில்
ஒரு மந்தை என்ன விலை, அது தெரியும்.

இன்று லுவ்சனின் கிணற்றடியில்
பகலெல்லாம் காத்திருந்தேன், எஞ்சினை அணைத்துவிட்டு.
மந்தை வரவில்லை.
மேட்டுக்கு அப்பால் மழை பெய்ததாம்,
புல்லைத் தேடிப் போய்விட்டது.
அந்தியில் ஃபிரிட்ஜில் சிவப்பு விளக்கு.
ஏழு புள்ளி நான்கு.

நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால்
சும்மா உறுமும், கொடுக்காது.
சக்கரம் சுழல வேண்டும்.
ஆகவே ஓட்டினேன்,
காய்ந்த உப்புத் தரையைச் சுற்றிச் சுற்றி.
ஹெட்லைட்டை அணைத்தேன், அந்த மின்சாரமும் ஆட்டுக்கு.
ரேடியோவை அணைத்தேன்.
போனைப் பிடுங்கினேன்.
நிலா இருந்தது.
பெட்ரோலை எரித்துக்
கொஞ்சம் குளிர் வாங்கும் வியாபாரம்.
ஐந்தாவது சுற்றிலும் ஏழு புள்ளி நான்கு.
ஒன்பதாவதில் ஏழு புள்ளி ஐந்து.

தூரத்துக் கூடாரத்தில் டார்ச் அசைந்தது.
பிறகு மோட்டார் சைக்கிள் ஒன்று
என் ஜன்னலோடு சேர்ந்து ஓடிவந்தது.
நரன்கெரெல். தூக்கக் கலக்கம், கணவனின் கோட்டு.
“எதைத் தொலைத்தீர்கள்?”
“ஒன்றையும் இல்லை.”
“அப்புறம் எங்கே போகிறீர்கள்?”
“எங்கேயும் இல்லை. குளிர் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.”

அவள் சிரிக்கவில்லை.
இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள்.
கம்பியைத் தொட்டாள், விரலை உதறினாள்.
போய் ஒரு ஜம்பர் கேபிளோடு வந்தாள்,
கட்டைவிரல் தடிமன்,
குளிர்காலத்தில் லாரியை எழுப்புவது.
சிவப்பு ஒன்று போதும் என்றாள்.
ரிலேயின் கதவைச் சுற்றிக்கொண்டு
ஜன்னல் வழியே உள்ளே வந்தது மின்சாரம்.
பதிமூன்று புள்ளி எட்டு.
“எஞ்சினை நிறுத்தினால் கழற்றிவிடுங்கள்.”
சரி என்றேன்.

சரி என்றதுதான்.
நான்கு மணிக்கு டேங்க் கால்வாசிக்கு வந்தது.
பெட்டியில் மூன்று புள்ளி ஒன்பது.
எஞ்சினை நிறுத்தினேன்.
ஸ்டீயரிங்கில் தலை சாய்த்தேன்.

விழித்தபோது கேபிள் அப்படியே இருந்தது.
இரவின் மிச்சத்தில்
ஃபிரிட்ஜ் இரண்டு பேட்டரியையும்
ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டிருந்தது.
சாவியைத் திருப்பினேன்.
ஒரு கனைப்பு. அவ்வளவுதான்.
மருந்துக்கு நான்கு டிகிரி.
எனக்குக் கால் இல்லை.

ஏழு மணிக்குப் புழுதி எழுந்தது.
நேற்று போன மந்தை.
முன்னால் அந்த மோட்டார் சைக்கிள்,
பின்னால் லுவ்சன், அவன் தம்பிகள், ஒரு நாய்.
செத்த வண்டியைச் சுற்றி
வட்டமாக வந்து நின்றன ஆடுகள்,
நான் இரவெல்லாம் போட்ட அதே தடத்தில்.

ஊசி, நெற்றியில் நீலச் சாயம். ஊசி, நீலச் சாயம்.
மதியத்தில் ஃபிரிட்ஜ் காலி.
எட்டுப் பேர் தள்ளினார்கள்,
வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது.

மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று.
நீலம் படாத பதினொன்றும்
மற்றவற்றோடு முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன,
எது எதுவென்று
இங்கிருந்து தெரிகிறது.

பட்சூரி,
செம்பு விலையைச் சொல்.